வணிகர் உடைமையும் சட்டத்தின் காவலும்

நிலம் இன்னாருக்கு உரியது என்று காட்டும் சாசனத்தைத் தமிழகத்தார் பத்திரம் என்பர். யாழ்ப்பாணத்தார் நாம் "உறுதி" என்போம். அறுதி உறுதி, சீதன உறுதி, நன்கொடை உறுதி, ஈட்டு உறுதி என அது பலவகைப்படும். அசையாத் தன்மையைச் சுட்டும் ஒரு சொல்லை ஒரு தாளுக்குப் பெயராக இட்ட நம் முன்னோர் அத்தாளின்மீது எத்துணை நம்பிக்கை வைத்திருத்தல் வேண்டும்! அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, இக்கல்லூரியிற் கற்று வணிகத் துறையிற் புகுந்த அன்பர்களை மனத்திற் கொண்டு, இம்மலரிலே சிறிது ஆராய விரும்புகின்றேன். யான் சட்டம் பயின்றவன் அல்லேன், பயிற்றப்பட்ட தமிழாசிரியன். ஆயினும் பழைய உறுதியை வாசித்துப் பொருள் கேட்க ஊரார் தமிழாசிரியனை நாடி வருதல் இப்பகுதியில் நெடுநாள் வழக்கமாதலின், வணிகர் பலருடைய உறுதிகளை வாசிக்கவும் அவர்தம் மனக்குறைகளைக் கேட்கவும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது.

கஸ்தூரியார் வீதியிலும் சுன்னாகத்துச் சந்தையிலும் கடை நடத்தும் பழைய மாணவரிடம் சட்டத்தின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரு புன்சிரிப்பே முதல் விடையாகும். வழக்கென்று போனால் பேரன் காலத்திலேதான் தீர்ப்பு வரும், நீதிமன்றப் படி ஏறுவதினும் பாதி விலைக்கு விட்டுக்கொடுத்தல் நன்று என்பர். சட்டம் பெரியவர்களுக்கு உரியது, நமக்கு முகதாட்சணியமே காவல் என்பாரும் உளர். இவற்றைச் சோம்பற் பேச்சென்று ஒதுக்கிவிட முடியாது. இவ்வெண்ணம் பட்டறிவினால் வந்தது.

1981 ஆம் ஆண்டு நூல்நிலையம் எரிந்த அதே நாட்களில் நகரச் சந்தைக் கடைகளும் எரிந்தன. 1983 ஜூலையில் கொழும்பிலே புறக்கோட்டை முதல் வெள்ளவத்தை வரை தமிழ் வணிகர் தேடிய தேட்டம் சாம்பலாயிற்று. அதன் பின் நிகழ்ந்ததை இளைஞர் பலர் அறியார். அவசரகால விதிகளின்கீழ்ப் பாதிக்கப்பட்ட ஆதனங்கள் அரசின்பாற் சென்றன. அவற்றை நிருவகிக்க ஓர் அதிகாரசபையும் நிறுவப்பெற்றது. பிறர் அத்துமீறிக் குடிபுகாமற் காக்கவும் மீளக் கட்டவும் செய்த ஏற்பாடு அது என்று கூறப்பட்டது. உரிமையாளனோ, எரிந்துபோன தன் கடையைத் தானே பெறுதற்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு நின்றான். உறுதி அவன் கையில் இருந்தது. உரிமை வேறோரிடத்தில் இருந்தது.

நாட்டின் அரசியலமைப்பும் இவ்விடத்தில் நமக்குப் பெருந்துணையாய் இல்லை. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, சட்டமுறையான தொழிலையும் வணிகத்தையும் நடத்தும் சுதந்திரத்தை 14 ஆம் உறுப்புரையிலே தருகின்றது. ஆதனம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக அது கூறவில்லை. அதே அரசியலமைப்பின் 157 ஆம் உறுப்புரையை நோக்குக. பிற நாட்டார் இங்கே இடும் முதலைக் காக்கும் உடன்படிக்கையொன்றைப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கினால் ஏற்குமாயின், தேசிய பாதுகாப்பின் பொருட்டன்றி அதற்கு மாறாகச் சட்டம் இயற்றலாகாது. வெளிநாட்டு முதலாளிக்கு இவ்வரண் உண்டு. சாவகச்சேரியிற் சில்லறைக் கடை வைத்திருப்பவனுக்கு இல்லை. இதனை மாற்றுதல் வேண்டுமென்று வணிகர் கேட்பாராயின், அக்கேள்வி நியாயமே என்பேன்.

ஆனால் கேட்பவர் முழுமையாகக் கேட்டல் வேண்டும். 1990 ஒக்டோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேரத்துள் வெளியேறும்படி ஆயுதம் தாங்கியோராற் பணிக்கப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு நீங்கியோர் 70,000 பேருக்கு மேற்பட்டவர். அவருட் பலர் வணிகர். இரும்புக் கடையும் புடைவைக் கடையும் தையற் கடையும் நடத்தி நம்மோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தவர். திறப்பைக் கொடுத்துவிட்டுப் போன அவர்களுடைய கடைகளைப் பற்றி நம் வணிக அன்பர்கள் சொத்துரிமை பேசும்போது வாய் திறப்பதில்லை. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையாளனுக்கு மாறாகப் பத்தாண்டு தடையின்றி ஒரு காணியை ஆண்டவன் அதற்கு உரிமை கோரலாம். துரத்தப்பட்டவன் தடுக்க வருவது எங்ஙனம்? போர்க் காலத்தை அப்பத்தாண்டுக் கணக்கிலிருந்து நீக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது; அதுவும் போர் முடிந்து ஏழாண்டு கழிந்த பின்னர். நம்முடைய கடை எரிந்தது அநீதியென்றால் அவர்களுடைய கடை கைமாறியதும் அநீதியே. இதனைச் சொல்லத் தயங்குபவருடைய சொத்துரிமைப் பேச்சை யான் பொருட்படுத்துவதில்லை.

இனி, அரசின் கையில் இல்லாது நம் கையிலே இருப்பவற்றுக்கு வருவோம். வணிக அன்பர்கள் என்னோடு மாறுபடுவது இங்கேதான்.

சட்டத்தின் காவல் என்றால் அவர்கள் நினைவுக்கு வருவது நீதிமன்றம். நீதிமன்றம் கடைசி வாயில். அதற்கு முன்னுள்ள வாயில்களைத் திறந்துபோட்டுவிட்டுக் கள்வன் புகுந்தான் என்று அழுவது வழக்கமாகிவிட்டது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படல் வேண்டும் என்கிறது. இதனை யாவரும் அறிவர். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் அவ்விதியே என்பதனை அறிந்தோர் சிலரே. இருபது ஆண்டாக ஒரே கடையில் இருந்து, தளம் போட்டு, கண்ணாடி அலுமாரி அடித்து, குளிரூட்டிகள் பொருத்திய வணிகன், எழுத்தில் ஒன்றும் இல்லையாயின், மாதக் குடியிருப்பாளனே. கடை கைமாறும்போது பற்றுச்சீட்டின்றிக் கொடுத்த பெருந்தொகைக்குச் சாட்சி கடவுள் ஒருவரே. "அவர் எங்கள் சொந்தக்காரர், எழுத்துக் கேட்டால் மனம் நோவார்" என்பர். அந்தச் சொந்தக்காரர் காலமான பின்னர் அவர் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும்போது யார் மனம் நோகும்? வேடிக்கை என்னவென்றால், 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பாளன் பக்கம் சாய்ந்தது என்று குறைகூறும் கடை உரிமையாளரே, தாம் வேறொருவர் கட்டடத்தில் வாடகைக்கு இருக்குமிடத்து அச்சட்டத்தைக் கவசமாகப் பிடித்ததையும் கண்டிருக்கிறேன்.

பதிவு செய்தலிலும் இவ்வாறே. உறுதி முடிந்தது, காசு கொடுத்தாயிற்று, இனி என்ன என்று அலுமாரியில் வைத்துப் பூட்டுவோர் பலர். 1927 ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் வேறுவிதமாக நினைக்கின்றது. இன்று ஒருவன் ஒரு கடைக்காணியை வாங்கிப் பதியாது விடுகிறான் என்று கொள்வோம். விற்றவன் அதே காணியை அடுத்த மாதம் இன்னொருவனுக்கு விலைக்கு எழுதுகிறான். இரண்டாமவன் முந்திப் பதிந்தானாயின், அவன்பால் வஞ்சகமோ கூட்டுச்சதியோ காட்டப்பட்டாலன்றி, அவனுடைய உறுதியே வலிது. முதல் வாங்கியவன் வழக்கறிஞரைத் திட்டுவான், சட்டத்தைத் திட்டுவான். பதிவகத்துக்குப் போக ஒரு முற்பகல் போதும்.

இடப்பெயர்வுகளில் உறுதிப் பெட்டியை இழந்தோரும் எல்லாம் போயிற்று என்று சோர்ந்துவிடலாகாது. நொத்தாரிசு எழுதும் உறுதியின் மறுபிரதியொன்று காணிப் பதிவகத்துக்குச் செல்வது விதி. பதிவேடு அழியாத இடங்களிற் சான்றுபடுத்திய பிரதி பெறலாம். கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்கு இதனை அழுத்திக் கூறுகின்றேன். 2025 மார்ச் மாதத்திலே காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வடமாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பற்றி, உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் முன்வருதல் வேண்டுமென வர்த்தமானி அறிவித்தல் வந்தது. உயர் நீதிமன்றம் ஜூன் மாதத்தில் அதனை இடைநிறுத்தியிராவிடில், கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் எத்தனை பேர் அக்காலத்துள் தம் தாளைத் தேடி எடுத்திருப்பர்?

இவற்றினும் எனக்கு மனத்தை உறுத்துவது வேறொன்று. சொத்தைத் தம் விருப்பப்படி ஆளும் உரிமை வேண்டும் என்று முழங்கும் நம் வணிகர், அவ்வுரிமை தம் வீட்டுக்குள்ளே யாருக்கு இல்லை என்பதைப் பார்ப்பதில்லை.

தேசவழமையை ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஈசாக்ஸ் என்பார் 1707 ஆம் ஆண்டு தொகுத்தார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதனைப் பார்த்து ஒப்பினர். ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்ட வலு அளித்தனர். முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்ற பாகுபாட்டினைக் கொண்ட அத்தொகுப்பு, பெண்ணுக்குத் தனி ஆதனம் உண்டென்று ஏற்றது. அதனை நாம் பெருமையாகவே பேசுகின்றோம். ஆனால் யாழ்ப்பாணத்து விவாக உரிமை, மரபுரிமை பற்றிய 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு, மணமான பெண் தன் அசையா ஆதனத்தைக் கைமாற்றக் கணவனுடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது. மனைவியின் சம்மதம் கணவனுக்கு அங்ஙனம் வேண்டப்படவில்லை. 1923 ஆம் ஆண்டு மணமான பெண்களின் ஆதனம் பற்றிய கட்டளைச் சட்டம் வந்து தீவின் ஏனைய பெண்கள் பலருடைய தளையை நீக்கியபோதும், தேசவழமைக்கு உட்பட்டோர் அதற்குப் புறம்பாக விடப்பட்டனர்.

இதனால் விளைவது யாது? நம் வணிகர் பலருடைய கடைக்கு முதல், மனைவியின் சீதனக் காணியை ஈடு வைத்துப் பெற்ற பணமே. அன்று அவள் கையொப்பமிட்டாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அதே பெண், பிள்ளைகள் வளர்ந்தபின், ஒரு மிளகாய்த்தூள் ஆலையோ தையலகமோ தொடங்க எண்ணித் தன் பெயரில் உள்ள இரண்டு பரப்பைத் தானே வங்கிக்கு ஈடாக வைக்கச் சென்றால், கணவனுடைய கடிதம் எங்கே என்று கேட்பர். உறுதி அவள் பெயரில். வரி அவள் பெயரில். பேனா மட்டும் அவர் கையில். கணவன் கைவிட்டுப் போனாலோ, காரணமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றம் அச்சம்மதத்தைத் தரலாம் என்று 8 ஆம் பிரிவு கூறும். போரிலே கணவன் காணாமற்போன பெண்ணும், 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் வழங்கிய காணாமைச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வாயிலிலேயே நிற்றல் வேண்டும். நீதிமன்றப் படி ஏறுவதினும் பாதி விலைக்கு விடுவது மேல் என்று சொன்ன ஆண் வணிகர், இப்பெண் ஒரு கடன் பெறுவதற்காக அப்படியேறல் வேண்டும் என்பதை நினைத்துப் பார்ப்பாராக.

குடும்பக் காணி பிறர் கைக்குப் போகாமலிருக்கவும், பெண்கள் ஏமாற்றப்படாமலிருக்கவுமே அவ்விதி என்று முதியோர் சிலர் கூறுவர். அவர்தம் கவலையை மதிக்கின்றேன். ஆயின் குடும்பக் காணியை ஈடு வைத்து இழந்தவருட் கணவன்மார் இல்லையா? காவல் வேண்டுமாயின் இருவர் காணிக்கும் இருவர் கையொப்பமும் வேண்டுமென்று விதிக்கலாம். வேண்டாமாயின் இருவருக்கும் வேண்டாம். ஒருவருக்கு மட்டும் வேண்டும் என்பது காவல் ஆகாது. தேசவழமையைத் திருத்தினால் நம் தனித்துவம் போய்விடும் என்ற அச்சமும் பொருந்தாது. தேடிய தேட்டத்தின் இலக்கணம் 1911 இலும் 1947 இலும் மாற்றப்பட்டது. யாழ்ப்பாணம் யாழ்ப்பாணமாகவே இருந்தது.

இவற்றை எழுதும்போது நம் மாணவரையும் நினைக்கின்றேன். வர்த்தகப் பிரிவு மாணவன் ஐந்தொகை போடக் கற்றுக்கொள்கிறான். அதிலே "காணியும் கட்டடமும்" என்று ஒரு தொகை எழுதுகிறான். அக்காணியின் உறுதியை அவன் கண்டதில்லை. கண்டாலும், எல்லைகளும் பங்குகளும் பரப்பும் குழியும் நிறைந்த அத்தமிழை, சிலபோது ஆங்கிலத்தை, அவனால் வாசிக்க இயலாது. இலக்கண வகுப்பிலே நீண்ட வாக்கியத்துக்கு எழுவாய் தேடப் பழக்குவதற்கு ஒரு பழைய அறுதி உறுதியினும் தக்க பயிற்சிப் பாடம் எனக்குத் தோன்றவில்லை.

நம் பழைய மாணவருள் வழக்கறிஞரும் நொத்தாரிசும் பலர். இவ்விழா ஆண்டிலே மண்டபத்துக்குப் பொருள் திரட்டுவதோடு, மாதம் ஒரு சனிக்கிழமை அவருள் இருவர் கல்லூரியில் அமர்ந்து, வருவோருடைய உறுதிகளையும் கடைக் குத்தகைகளையும் இலவசமாக வாசித்துக் கூறலாம். தமிழ்ப் பகுதியை வாசிக்க யான் உடனிருப்பேன். வணிக அன்பர்கள் தம் உறுதிப் பெட்டியோடு வருக. பெட்டிக்குள்ளே மனைவியின் பெயரில் ஓர் உறுதி இருப்பின், அதனை விளங்கிக் கேட்க அவ்வம்மையாரையும் அழைத்துவருதல் வேண்டும்.