படத்தின் பின்புறம்

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், பாபநாசம் தொடங்கிச் சேர்ந்தபூமங்கலம் வரை தாமிரபரணிக் கரையோரமாக நவகைலாயத் தலங்களைத் தரிசிக்கக் குடும்பம் குடும்பமாகப் புறப்படுவது நெல்லைச் சீமையின் வழக்கம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அதே நதிக்கரையில் நவதிருப்பதி யாத்திரை. முன்பெல்லாம் கட்டுச்சோறும் மாற்று வேட்டியும் உடன் வந்தன. இப்போது ஆளுக்கொரு கைபேசியும் வருகிறது. படித்துறையில் ஒன்று, கோபுரத்தடியில் ஒன்று, தேரின் முன்னே ஒன்று என்று, வீடு திரும்புவதற்குள் பேரப்பிள்ளைகளிடம் நூறு இருநூறு படங்கள் சேர்ந்துவிடுகின்றன.

இந்தப் பழக்கம் சந்நிதிக்குள்ளும் நுழைந்தபோதுதான் பெரியவர்கள் மனம் வருந்தினர். தீபாராதனை நேரத்தில் கூப்பிய கரங்களுக்குப் பதிலாக உயர்த்திய கைபேசிகளே தெரிந்தன. திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில், 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசி கொண்டு செல்வதைத் தடை செய்ய உத்தரவிட்டது. கர்ப்பக்கிருகத்து மூர்த்தியைக் கண்ணாரக் கண்டு நெஞ்சில் பதித்துக்கொள்வதே தரிசனம். அங்கே கருவிக்கு வேலையில்லை.

அப்படியானால் படம் எடுப்பதே வீண் வேலையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. நம் தாமிரபரணிக் கரையிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு.

கல்லிடைக்குறிச்சியில் குலசேகரமுடையார், அறம்வளர்த்த நாயகியோடு எழுந்தருளியிருக்கும் திருக்கோயில் உள்ளது. 1982ஆம் ஆண்டு அக்கோயிலின் பூட்டை உடைத்து, நடராஜப் பெருமான் உள்ளிட்ட நான்கு திருமேனிகளைத் திருடிச் சென்றனர். துப்பு ஏதும் கிடைக்காமல் இரண்டே ஆண்டுகளில் வழக்கு முடித்து வைக்கப்பட்டது. ஊர் மக்கள் நம்பிக்கை இழந்தனர். கூத்தப்பிரானோ கடல் கடந்து, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். 2001ஆம் ஆண்டில் அக்கலைக்கூடம் அவரை விலைக்கு வாங்கியிருந்தது.

அவர் கல்லிடைக்குறிச்சிக்குரியவர் என்பதை நிலைநாட்ட உதவியது ஒரு பழைய புகைப்படம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950களிலிருந்து தமிழகக் கோயில்களுக்குச் சென்று திருமேனிகளைப் படமெடுத்து வைத்திருந்தனர். களவு போகும் முன்னரே எடுக்கப்பட்ட அந்தப் படத்தோடு கலைக்கூடத்துத் திருமேனியை ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. 37 ஆண்டுகளுக்குப் பின், 2019 செப்டம்பரில் நடராஜர் தமிழகம் திரும்பினார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் படம் எவ்வளவு அழகாயிருந்திருந்தாலும், இன்ன ஊர், இன்ன கோயில் என்ற குறிப்பு அதனோடு இல்லாதிருந்தால் பெருமானுக்கு வழி காட்டியிருக்க இயலாது. படம் உருவத்தைக் காத்தது. உடனிருந்த குறிப்பு ஊரைக் காத்தது.

இதை எண்ணும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ள கருப்பு வெள்ளைப் படம் ஒன்று நினைவுக்கு வரும். பாபநாசம் படித்துறையில் ஈரத் தலையோடு ஏழு பேர் நிற்கிறார்கள். என் தாயார் உயிரோடிருந்தவரை, ஏழு பேரையும் விரல் வைத்துப் பெயர் சொல்வார். நாங்களும் கேட்டுக்கொண்டோம், எழுதி வைக்கவில்லை. இன்று நான்கு பேரைத்தான் என்னால் சொல்ல முடிகிறது. ஓரத்தில் மொட்டைத் தலையோடு சிரிக்கும் அந்தக் குழந்தை எவர் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல இனி ஒருவருமில்லை. முகம் இருக்கிறது, பெயர் போய்விட்டது.

வாசக அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய படங்கள் இருக்கும். அவற்றில் நிற்பவர்களை அறிந்த கடைசி மனிதர் ஒருவேளை நீங்களாகவே இருக்கலாம். ஆகவே, இன்றே அந்தப் பெட்டியைத் திறவுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பென்சிலால் மெல்ல எழுதுங்கள்: ஊர், ஆண்டு, இடமிருந்து வலமாகப் பெயர்கள், உறவுமுறை. பேனாவை அழுத்தி எழுதினால் முன்புறம் தடம் விழும். மை கசியவும் கூடும். 2023 டிசம்பரில் நதி பெருகி ஊருக்குள் புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தாளில் இருப்பது நீரோடு போகலாம். அதனால் பேரனையோ பேத்தியையோ அருகில் அமர்த்தி, சன்னல் வெளிச்சத்தில் படத்தின் இரு புறங்களையும் கைபேசியில் எடுத்து, உறவினர் நாலு பேருக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். கைபேசிக்கும் அன்று ஒரு புண்ணியம் சேரும்.

அடுத்த யாத்திரையில் சந்நிதி வாயிலுக்கு வெளியே கைபேசியை வைத்துவிட்டு, இரு கரங்களோடு உள்ளே செல்வோம். தரிசனம் முடித்து, நதிக்கரையில் எல்லோரும் கூடி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வோம். அன்றிரவே அதனோடு ஊரையும் நாளையும் நின்றவர் பெயர்களையும் எழுதி வைப்போம். ஐம்பது ஆண்டுகள் கழித்து அதைக் காணும் குழந்தை, இவர் யார் என்று கேட்டுத் தவிக்க வேண்டாம்.

கடல் கடந்தும் தன் ஊர் திரும்பிய கூத்தப்பிரான் நம் எல்லோருக்கும் துணை நிற்பாராக.