எப்போ கிளம்பலாம்? யாரைக் கேட்கலாம்?



கடைசிப் பரீட்சை முடிஞ்சு, பேனா மூடியைப் போடுற நிமிஷமே கிளாஸ்மேட்ஸோட டூர் ப்ளான் ரெடியா இருக்கும். அது உங்க பாடு, நான் தலையிட மாட்டேன். இந்த வாரம் நாம பேசப்போறது வேற டூர். அப்பா, அம்மா, பாட்டி, தம்பி, டிக்கி நிறைய பை, மடியில ஒரு பெரிய டப்பா புளியோதரை... ஆமா, அதேதான். குடும்பத்தோட கார்ல போற கோடை டூர்!

'எங்கே போறது'னு வீட்டுல ஒரு வாரம் பட்டிமன்றம் நடக்கும். ஊட்டியா, ஏற்காடா, குற்றாலமானு ஓட்டெடுப்பே நடத்துவோம். ஆனா, 'எப்போ போறது'னு யாரும் உட்கார்ந்து யோசிக்கிறதில்லை. "மே மாசம் லீவுதானே, ஒரு நாள் கிளம்புவோம்" என்பதோட அந்தப் பேச்சு முடிஞ்சுடும். பாதி டூர் சொதப்புறது அங்கேதான்.

என் கதையையே சொல்றேன். 2003 மே மாசம். நான் செகண்ட் இயர் முடிச்ச நேரம். எங்க வீட்டு ஆம்னி வேன்ல ஆறு பேர், சென்னையில இருந்து ஏற்காடு. "பகல்ல வெயில் மண்டையைப் பிளக்கும். ராத்திரி கிளம்பினா ஜில்லுனு போயிடலாம்!" ஐடியா கொடுத்த புத்திசாலி சாட்சாத் நான்தான். எல்லாரும் கைதட்டினாங்க. ராத்திரி 11 மணிக்குக் கிளம்பினோம். செங்கல்பட்டு வர்றதுக்குள்ள அப்பாவைத் தவிர எல்லாரும் தூங்கியாச்சு.

உளுந்தூர்பேட்டை தாண்டி எங்கேயோ, மூணு மணி இருக்கும். அம்மா போட்ட அலறல்ல முழிச்சேன். வண்டி 'கிரீச்'சுனு நின்னுது. முன்னாடி, பின்பக்க விளக்கே இல்லாம ஒரு கரும்பு லாரி நிக்குது. நடுவுல நாலடி இடைவெளி இருந்தா அதிகம். அப்பா ஸ்டீயரிங்கை விடாம, "தூங்கலைடா... கண்ணு கொஞ்சம் எரிஞ்சுது, அவ்ளோதான்" என்றார். விடியுற வரைக்கும் ஒரு டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்திருந்தோம். புளியோதரை டப்பாவை யாரும் தொடலை.

அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. அன்னிக்கு அப்பா காலையில ஆபீஸ் போய், சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்திருந்தார். நாங்க வெயிலைக் கேட்டு நேரம் குறிச்சோம். வண்டி ஓட்டுற மனுஷனை ஒரு வார்த்தை கேட்கலை!

அதனால, டூருக்கு நல்ல நேரம் பார்க்க பஞ்சாங்கம் வேண்டாம். மூணு கேள்வி போதும்.

முதல் கேள்வி: எந்த வாரம்?

ஒரு காலண்டரை எடுத்து, வீட்டுல ஒவ்வொருத்தரோட 'அசைக்க முடியாத' தேதியையும் வட்டம் போடுங்க. உங்க செமஸ்டர், அரியர் (இருந்தா... இருக்காது, இருந்தாலும்!), அம்மாவோட லீவு, குலதெய்வம் கோயில் திருவிழா, சொந்தத்துல கல்யாணம். தம்பி ப்ளஸ் டூன்னா இன்னும் உஷார். நீட் தேர்வு 2024-ல் மே 5, 2025-ல் மே 4. ப்ளஸ் டூ ரிசல்ட் 2024-ல் மே 6, 2025-ல் மே 8. சிக்னல் இல்லாத கொண்டை ஊசி வளைவுல உட்கார்ந்துட்டு அவன் மார்க்குக்காகத் தவிக்கிறது தேவையா?

வட்டம் போடாத நாட்களை இப்போ வானிலையோட பொருத்திப் பாருங்க. அக்னி நட்சத்திரம் ஏறத்தாழ மே 4-ல் தொடங்கி 28-ல் முடியும். ஊட்டி மலர்க் கண்காட்சியும் மே மாசம்தான். பூவைவிடத் தலைகள் அதிகமா தெரியும், ரூம் வாடகையும் எகிறும். 'சரி, கூட்டம் குறையட்டும், மாசக் கடைசியில போவோம்'னா, அங்கே மழை நிக்குது. தென்மேற்குப் பருவமழை கேரளாவுல தொடங்குற வழக்கமான தேதி ஜூன் 1. ஆனா 2025-ல் மே 24-லேயே வந்துடுச்சு. அடுத்த ரெண்டு நாளும் நீலகிரிக்கும் கோவைக்கும் ரெட் அலர்ட்! 2024 மே 17-ல் பழைய குற்றால அருவியில திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளி மாணவனோட உயிர் போச்சு. கோடைதானேன்னு அலட்சியம் கூடாது. முதல் நாளே வானிலை எச்சரிக்கையைப் பார்த்துடணும்.

என் ஓட்டு, ஏப்ரல் கடைசி வாரத்துக்கு. பள்ளிக்கூடப் பரீட்சைகள் பெரும்பாலும் முடிஞ்சிருக்கும், மலையில மே மாசத்து நெரிசல் இருக்காது. உங்க செமஸ்டர் இடிச்சா, மே மாசத்துலேயே வேற வட்டம் போடாத வாரத்தைப் பிடிங்க. குற்றால அருவியில குளிக்கணும்னா, ஜூன்ல சீசன் தொடங்கட்டும்.

இரண்டாவது கேள்வி: எந்தக் கிழமை?

திங்கள் கிளம்பி வியாழன் திரும்பினா ராஜா மாதிரி போகலாம். சனிக்கிழமை கிளம்பினா, ஊரே உங்க பின்னாடி வரும். ஞாயிறு சாயங்காலம் சென்னைக்குத் திரும்பினா, செங்கல்பட்டுல இருந்து உருட்டிக்கிட்டுதான் வரணும். ஊட்டி, கொடைக்கானலுக்கு ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துது. 2025 கோடையில ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான்னு உச்சவரம்பும் போட்டாங்க. ஊட்டிக்கு வார நாள்ல 6,000, வார இறுதியில 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. விதி மாறிக்கிட்டே இருக்கும். ரூம் போடுறதுக்கு முன்னாடி அந்த வருஷத்து விதியைப் பார்த்து, பாஸை எடுத்துடுங்க. பாஸ் இல்லாம மலையடிவாரத்துல நின்னா அப்பா யாரைத் திட்டுவார்னு சொல்லணுமா?

மூன்றாவது கேள்வி: எத்தனை மணி?

மூணுல முக்கியமானது இதுதான். ராத்திரி ரெண்டுல இருந்து அஞ்சு மணி வரைக்கும் உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சுற நேரம். டீ குடிச்சாலும், பாட்டைச் சத்தமா வெச்சாலும், ஜன்னலைத் திறந்துவிட்டாலும் தூக்கத்துக்கு ஈடாகாது. தூக்கத்துக்கு மாற்று தூக்கம் மட்டும்தான்.

அதனால முதல் நாள் ராத்திரி ஒன்பதரைக்கே ஓட்டுறவரைப் படுக்கவைங்க. பெட்டி கட்டுறது, டயர்ல காத்து, கூலன்ட் பார்க்கிறது எல்லாம் உங்க வேலை. காலையில நாலரை, அஞ்சுக்குக் கிளம்பினா, வெயில் ஏறுறதுக்குள்ள பாதி தூரம் போயிடலாம். மதியம் 12 முதல் 3 வரைக்கும் நிழல்ல சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். பாட்டி கால் நீட்டிக்கவும் அதுதான் நேரம். சென்னையில இருந்து ஊட்டி சுமார் 550 கிலோமீட்டர். ஒரே மூச்சுல போகணும்னு யாரும் சபதம் போடலை. கோவையில ராத்திரி தங்கி, காலையில மலை ஏறுங்க. இறங்கும்போது நியூட்ரல்ல உருட்டக் கூடாது, குறைஞ்ச கியர்லதான் இறங்கணும். மைசூர் பக்கம் போறவங்களுக்கு இன்னொண்ணு. பந்திப்பூர் காட்டுச் சாலையை 2009-ல இருந்து ராத்திரி 9 முதல் காலை 6 வரைக்கும் மூடிடுவாங்க.

'இதையெல்லாம் அப்பா பார்த்துப்பார்'னு நழுவாதீங்க பாஸ். வீட்டுல கைநிறைய லீவு இருக்கிற ஒரே ஆள் நீங்கதான். லைசென்ஸ் இருந்தா சமவெளியில ஸ்டீயரிங்கை வாங்கிக்கோங்க. இல்லையா? முன் சீட்டுல உட்கார்ந்து, தூங்காம அப்பாகிட்ட பேசிக்கிட்டே வாங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல உங்களுக்கு வேலை, எந்த ஊரோ, எத்தனை நாள் லீவோ! ஆறு பேருக்கும் ஒரே வாரம் லீவு கிடைக்கிற கோடை இன்னும் எத்தனை மிச்சம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

எங்க அப்பாவுக்கு இப்போ எழுபது தாண்டிடுச்சு. கார் சாவி என் கையில. கிளம்புறதுக்கு முன்னாடி அவர் கேட்கிறது ஒரே கேள்விதான்.

"நேத்து நல்லா தூங்கினியாடா?"

அந்தக் கேள்வியை இன்னிக்கே உங்க வீட்டுல ஆரம்பிச்சு வைங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!