சொல்லக் கூசும் நோய்

காசநோய் கண்டவரை வீட்டின் பின்னறையில் ஒளித்துவைத்த காலம் ஒன்றிருந்தது. அது மலையேறிவிட்டது. ஆயினும், நமது குடும்பங்களில் ஒருவரும் வாய்திறந்து கூறாத பிணி ஒன்று இன்னும் உண்டு. காம இச்சை ஒருவனுடைய கட்டை மீறி, வேண்டாம் வேண்டாமென்று அவனே தவித்தும் நிறுத்த முடியாமல், உறக்கத்தையும் உழைப்பையும் இல்லறத்தையும் அரித்துத் தின்னும் நிலையே அது. கைபேசியில் ஆபாசப் படங்களைப் பார்த்தே இரவுகளைக் கழிப்பவனும், சம்பளத்தன்று டவுனுக்கு இறங்கி விலைமாதரிடம் பணத்தைத் தொலைத்து வெறுங்கையோடு திரும்புபவனும் இதில் அடங்கக்கூடும். பெண்களும் இதற்கு விலக்கல்லர். குடும்பத்தார் படிக்கும் பகுதியில் இப்பேச்சு எதற்கென்று முகஞ்சுளிக்கும் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். நமது பிள்ளைகள் இவ்விஷயத்தை எங்கிருந்தேனும் அறியத்தான் போகிறார்கள். நல்ல இடத்திலிருந்து அறியட்டும் என்பதே நமது எண்ணம்.

இது நோய்தானா, அல்லது ஒழுக்கக்கேட்டுக்கு இட்ட புதுப்பெயரா என்று வைத்தியர்களே நெடுங்காலம் வாதிட்டனர். அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் 2013இல் வெளியிட்ட தனது நோய்ப்பட்டியலில் இதற்கு இடமளிக்கவில்லை. உலக சுகாதார ஸ்தாபனமோ, 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த தனது பதினோராவது பட்டியலில் இதனைச் சேர்த்துக்கொண்டது. மதுவுக்கும் கஞ்சாவுக்கும் அடிமையாவதோடு சேர்க்காமல், உந்துதலை அடக்க இயலாத கோளாறுகளின் வரிசையில் வைத்தது. ஆறு மாதமோ அதற்கு மேலோ இந்நிலை நீடித்து, வாழ்க்கையின் முக்கிய கடமைகள் கெட்டிருக்க வேண்டுமென்பது பொது விதி. அதனோடு மற்றொரு விதியையும் எழுதிவைத்தார்கள். பாவம் செய்கிறோமே என்ற மன உறுத்தல் மாத்திரமே ஒருவனுடைய துன்பத்துக்குக் காரணமாயின், அதனை இந்நோய் என்று கொள்ளலாகாது.

மாணவர்கள் இவ்விதியை இருமுறை படிக்க வேண்டுகிறோம். பருவ வயதில் ஆசை எழுவது இயற்கை. அதற்காக எவனும் நோயாளியாகிவிடமாட்டான். 'தாது நஷ்டம்' என்று பயமுறுத்தி லேகியம் விற்போர் இவ்வச்சத்தையே மூலதனமாகக் கொண்டு பிழைக்கிறார்கள். அந்த அச்சமே தனியொரு மனத்துன்பமாகி இளைஞர்களை வாட்டுவதைக் கண்டு, 1960இல் என். என். விக் என்னும் இந்திய மனநோய் வைத்தியர் அதற்குத் தாதுவின் பெயரையே சூட்டினார். லேகியத்துக்குக் கொடுக்கும் பணம் வீண் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

மெய்யாகவே நோயுற்றவனுடைய கதி என்ன? அவன் யாரிடம் சொல்வான்? ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றை எண்ணிப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் ஒன்றோடொன்று முதுகொட்டி நிற்கும் லயம். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே தூக்கம் கலையும். தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால், வாசலில் நிற்கும் பத்துப்பேரும் என்ன வருத்தமென்று விசாரிப்பார்கள். அன்பினால் விசாரிப்பவர்கள்தாம், ஆனால் அந்த அன்பு மாலைக்குள் மலை முழுதும் பரவிவிடும். பஸ்ஸேறி நுவரெலியாவுக்குப் போகலாமென்றாலோ, ஒருநாட் பேர் போய்விடும். பஸ்ஸுக்குள்ளும் அதே முகங்கள். போதாக்குறைக்கு, 'அங்கொடை' என்ற ஊர்ப்பெயரையே ஏசும் வார்த்தையாக்கி வைத்திருக்கிறோம். தேசிய மனநல நிறுவகம் அங்கே இருப்பது தவிர அவ்வூர் செய்த குற்றம் ஒன்றுமில்லை!

ஆகவே, இந்நோய்க்கு முதல் மருந்து இரகசியம் காக்கும் ஒரு செவி. அச்செவி கிடைக்காவிடின் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த சம்பவமொன்று உண்டு. 1935இல் சாட் வரா என்னும் இளம் பாதிரியார் தமது முதலாவது அடக்க ஆராதனையை நடத்தினார். இறந்தவள் பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமி. முதன்முதல் மாதவிலக்கு வந்தபோது, தனக்கு ஏதோ வெட்கக்கேடான நோய் பற்றிக்கொண்டதென்று பயந்து உயிரை மாய்த்துக்கொண்டாள். நோயே இல்லை, கேட்பதற்கு ஓர் ஆளும் இல்லை. அதை அவர் மறக்கவில்லை. 1953இல் லண்டனில், துயருற்றோர் எவரும் தொலைபேசியில் அழைத்து மனந்திறக்கக்கூடிய சேவையைத் தொடங்கினார். அந்த வழியில் இலங்கையில் 1974இல் ஜோன் டி மெல் அம்மையார் தொடங்கியதே சுமித்ரயோ. அங்கே இருப்போர் வைத்தியம் செய்வதில்லை, பிரசங்கமும் செய்வதில்லை. கேட்கிறார்கள், கேட்டதை வெளியே சொல்வதில்லை.

வைத்தியருக்கோ இது கடமையே ஆகும். உலக வைத்தியர் சங்கம் 1948இல் ஜெனீவாவில் வகுத்த உறுதிமொழியில், நோயாளி நம்பிக் கூறிய இரகசியத்தைக் காப்பதும் ஒன்று. அவர் இறந்த பின்னரும் காக்க வேண்டுமென்று 1968இல் திருத்தினார்கள்.

சிகிச்சை எப்படி நடக்கும் என்று அறியாமலே பலர் அஞ்சுகின்றனர். வைத்தியர் முதலில் வேறு காரணம் உண்டா என்று ஆராய்வார். மனவெழுச்சி நோயில் இச்சை கட்டுமீறுவதுண்டு; நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகளாலும் அவ்வாறு நேர்வதுண்டு. நன்றாக இருந்த தாத்தா திடீரென்று மாறிவிட்டாரென்று வீட்டார் கூசிக் குறுகும் சில இடங்களில், மருந்தை மாற்றினாலே போதும். அத்தகைய காரணம் இல்லையாயின் பேச்சுச் சிகிச்சை தொடங்கும். எந்நேரத்தில், எம்மனநிலையில் உந்துதல் எழுகிறது என்று நோயாளியையே குறித்துவரச் சொல்வார்கள். பலருக்கு அது தனிமையிலும், சச்சரவுக்குப் பின்னரும், குடித்த பின்னரும் எழுவது தெரியவரும். அலைபோல் எழும் உந்துதல் அலைபோலத் தணியவுஞ் செய்யும். தணியுமட்டும் தாங்கி நிற்கும் பழக்கமே பயிற்சி. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. நோயாளி சம்மதித்தால் மாத்திரம் மனைவியையோ கணவனையோ அழைத்துப் பேசுவார்கள். அவர்களும் காயப்பட்டவர்களே, பொறுத்துப்போ என்று ஒரு பெண்ணிடம் உபதேசிப்பது சிகிச்சையாகாது.

மகனோ மகளோ இப்படியொன்றைச் சொல்ல வந்தால் பெற்றோர் என்ன செய்வது? காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. பதினைந்து வயதில், தமையனாரின் காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடிய குற்றத்தை ஒரு தாளில் எழுதி, நோயாய்க் கிடந்த தந்தையிடம் கொடுத்தார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் தாளை நனைத்தது. சற்றுநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டுப் படுத்துக்கொண்டார். திருட்டு வேறு, இது வேறுதான். ஆயினும், அத்தந்தை தாளைப் பத்திரப்படுத்திவைத்து உறவினருக்குக் காட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நமது வீடுகளிலோ, மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் சொல்லிப் புத்திமதி கூற வைப்பதையே பரிகாரமென்று கருதுகிறோம். சீக்கிரம் கலியாணத்தைக் கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்பது அதனினும் கொடுமை. ஒன்றுமறியாத இன்னொருத்தியை நோய்க்கு மருந்தாக்கலாமா?

இரகசியத்துக்கும் எல்லையுண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தாலோ, நேரும் ஆபத்து இருந்தாலோ அங்கே இரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் அறிவிக்க வேண்டும். சம்மதமில்லாதவரைத் தொடுவது குற்றம். நோயென்ற சாக்கு அதற்குச் செல்லாது.

மலைநாட்டில் இன்னுமொரு இடர் உண்டு. வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்க்க ஒருவரை அழைக்கிறார்கள். அவர் நோயாளிக்குத் தெரிந்தவராகவே இருந்துவிடுகிறார். அவ்வேளையில் வேறு ஆளைக் கேட்பதற்கு நோயாளிக்கு உரிமை உண்டு. கேட்கத் தயங்க வேண்டாம். பக்கத்து நகருக்குப் போகக் கூசுபவர் கண்டி, பேராதனை வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளுக்குச் செல்லலாம். அதற்கும் முன்பாக, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பஸ் கட்டணம் வேண்டாம், பேரும் போகாது. லயத்துக்குள்ளிருந்து பேச இயலாதவர், கைபேசியை எடுத்துக்கொண்டு தேயிலை மலைப்பக்கம் சற்று நடந்துபோய்ப் பேசட்டும்.