ஒன்பது நிமிடப் படமும் ஒரு சாண் கையும்

சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1977இல் வெளியிட்ட 'பவர்ஸ் ஆஃப் டென்' குறும்படம் ஏறத்தாழ ஒன்பது நிமிடமே ஓடும். சிகாகோ ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு மீட்டர் அகலக் காட்சியில் தொடங்கி, பத்து நொடிக்கொருமுறை பத்து மடங்கு விரிகிறது. அரை நிமிடத்தில் அகலம் ஒரு கிலோமீட்டர்!

புலம்பெயர் பெற்றோர் இதனைப் பிள்ளைகளுக்குக் காட்டுதல் நன்று. ஆயின் படத்தை ஓடவிட்டு விலகிவிட்டால், பிள்ளைக்கு எஞ்சுவது எண்கள் மட்டுமே; தொலைவு விளங்காது. முதற்காட்சியிலேயே நிறுத்துங்கள். தரையில் ஒரு மீட்டரை அளந்து, அது தன் கையால் எத்தனை சாண், எத்தனை முழம் எனப் பிள்ளை தமிழில் சொல்லட்டும். பத்து மீட்டரை வாசலில் நடந்தே அறியட்டும். (ஆங்கில வருணனை தடையன்று, ஒலியை அடக்கிவிட்டுப் பெற்றோரே விளக்கலாம்.) மைலும் அடியும் வழங்கும் அமெரிக்காவில் வளரும் பிள்ளைக்கு இப்பயிற்சி இன்னும் தேவை.