சொல் செத்தது, ஊர் மூழ்கியது!

மழை பெய்கிறது, சென்னை மூழ்குகிறது. உடனே பழி முகிலின்மேல் ஏற்றப்படுகிறது. வானத்தைக் குற்றக் கூண்டில் நிறுத்திவிட்டு, ஏரியை விழுங்கியவர்கள் கரையேறிக் கொள்கின்றனர்.

2015 திசம்பர் 1ஆம் நாள் தொடங்கிய ஒரு நாள் மழை தாம்பரத்தில் 49 செ.மீ. என்பது மெய். அவ்விரவில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டதும் மெய். ஆயினும், 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, அதனை மாந்தர் விளைத்த பேரிடர் என்றே கூறியது. எட்டாண்டு கழித்து, 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வந்தது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடியும் நாள்கணக்கில் நீருக்குள் கிடந்தன. கற்றுக்கொண்டது என்ன? ஒன்றுமில்லை!

நீரை ஆளத் தெரிந்த இனம் தமிழினம். அதன் நீர்ச்சொல் ஒவ்வொன்றும் ஓர் ஏற்பாடு. பெய்த மழையைத் தாங்கி நிறுத்துவது தாங்கல். நிறைந்த ஏரி உடையாதபடி மிகைநீரை வழியவிடுவது கலிங்கு. ஓர் ஏரியின் கலிங்கு வழிந்தால் அதுவே அடுத்த ஏரிக்கு வரத்து. இறுதியில் வெள்ளமெல்லாம் பரந்து தங்கி, மெல்ல மெல்லக் கடல் சேர்வதற்கென்று விடப்பட்ட தாழ்நிலம் கழுவெளி. தென்சென்னைப் பகுதியின் பற்பல ஏரிகளின் நீர் பள்ளிக்கரணைக் கழுவெளியில் கூடி, ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளத்தில் கடலோடு கலந்தது. நீருக்கு இருக்க இடமும் இருந்தது. போக வழியும் இருந்தது.

அந்தக் கழுவெளி என்ன ஆயிற்று? வரி தராத நிலத்தை வெள்ளையர் ஆட்சியின் வருவாய்க் கணக்கு மதிக்கவில்லை. ஊர்ப் பொதுநிலத்தைக் குறித்த ‘புறம்போக்கு’ இன்று ஆளை இழிக்கும் வசைச்சொல்! கழுவெளி, பதிவேட்டில் பாழ்நிலம் ஆயிற்று. பாழ் என்று எழுதியபின் அங்கு எதைக் கொட்டினால் என்ன? பெருங்குடியில் மாநகரின் குப்பை மலையாகக் குவிந்தது. சாலையும் தொடர்வண்டிப் பாதையும் கணிப்பொறி வளாகங்களும் ஈரநிலத்தைக் கூறுபோட்டன. 2022இல் இராம்சர் பட்டியலில் பள்ளிக்கரணை இடம்பெற்றது. தன் வீட்டுச் செல்வத்தின் அருமையை அயலான் சான்று தந்த பிறகே உணரும் இழிநிலை தமிழனுக்கு ஏன் வந்தது?

மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்து 1920களில் எழுப்பப்பட்டதே தியாகராய நகர். அந்த ஏரியின் நினைவாக மேற்கு மாம்பலத்தில் எஞ்சியிருப்பது ‘லேக் வியூ’ சாலை. நுங்கம்பாக்கத்தில் ‘டேங்க் பண்டு’ சாலை! ஏரியும் போயிற்று, ஏரிக்கரை என்னும் தமிழும் போயிற்று, ஆங்கிலப் பலகை மட்டும் நிற்கிறது.

பழி முழுவதையும் வெள்ளையன்மேல் போட்டுவிட முடியுமா? கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தவர் திருவள்ளுவர். அவர் பெயரால் 1976இல் திறக்கப்பட்ட கோட்டமும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலத்தில்தான் எழுந்தது. தமிழ், தமிழ் என்று முழங்கியவர்களும் தமிழ் நிலத்தின் நீரைக் காக்கவில்லை. இது கசப்பான உண்மை. தமிழ்ப் பற்றாளர் இதனை விழுங்கித்தான் ஆக வேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் ஒறுக்கப்படுவோர் யார்? கூவம், அடையாற்றுக் கரைகளின் குடிசைவாழ் உழைப்பாளர்! அவர்களுள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பெரும்பாக்கத்தில் விடப்பட்டன. பெரும்பாக்கம் எங்குள்ளது? அதே கழுவெளியின் ஓரத்தில்! வெள்ளத்தினின்று காப்பதாகச் சொல்லி, வெள்ளத்தின் படுக்கையிலேயே ஏழையைக் கிடத்தினர். ஏரிக்குள் எழுந்த மாளிகைகளோ அசையவே இல்லை.

“நகர் வளர வேண்டாவா?” என்பர். வளரட்டும். ஆனால் கற்காரை வடிகால் நீரை விரைந்து ஓட்டுமேயன்றி, அதற்குத் தங்க இடம் தராது. தங்கும் நிலத்தை மூடிவிட்டு வடிகாலைப் பெருக்கினால், மேட்டுத் தெருவின் வெள்ளம் பள்ளத்துத் தெருவுக்கு விரைந்து போய்ச் சேரும், அவ்வளவே.

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஏரி, தாங்கல், கழுவெளி ஒவ்வொன்றும் அதன் பெயராலேயே பதிவேட்டில் ஏற வேண்டும். கலிங்கு முதல் கடல் வரை நீர்வழி அளந்து கல் நடப்பட வேண்டும். அவ்வெல்லைக்குள் எவர்க்கும் கட்டட இசைவு கூடாது. ஏழைக்கு ஒரு முறை, செல்வனுக்கு ஒரு முறை என்பது கூடவே கூடாது.

பழவந்தாங்கலும் ஐயப்பன்தாங்கலும் இன்னும் பெயரளவில் நீரைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. தமிழ் மக்களே, அச்சொற்களைக் காத்தால் மட்டும் போதாது. அவற்றுக்குரிய நீரையும் மீட்டெடுங்கள்!