தட்டை மட்டும் மாற்றும் தன்னலம்

"தட்டு மட்டும் போதும்!"

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுப் பக்கத்துச் சரக்குந்துப் பட்டறைகளில் பழைய வண்டி ஒன்றின் பல்லிணைப் பெட்டி இறக்கிக் கிடத்தப்பட்டிருக்கும்போதெல்லாம், அருகே நிற்கும் உடைமையாளர் வாயில் இச்சொற்களே வருகின்றன. சிக்கனம் என்று எண்ணுகிறார் போலும்! சிக்கனம் அன்று, கயமை. ஓர் ஓட்டுநனின் கூலியிலிருந்தும் ஒரு சிறுவனின் நுரையீரலிலிருந்தும் பிடுங்கிச் சேர்க்கும் காசு அது. தமிழாசிரியனுக்கு இங்கே என்ன வேலை என்பீர்கள். அவ்வோட்டுநன் என் பழைய மாணவன். அச்சிறுவனோ எட்டாம் வகுப்போடு என் பள்ளியை விட்டு நின்றவன். எனக்கு வேலை உண்டு.

பட்டறையில் கிளட்சு என வழங்கும் உறுப்பை நான் விடுபற்றி என்பேன். மிதித்தால் விடும், காலை எடுத்தால் பற்றும். (இப்பெயர் கசப்போர் கிளட்சு என்றே படித்துக்கொள்க, வண்டி சினவாது.) பொறியின் பின்புறத்தே பிளைவீல் எனப்படும் பெருஞ்சக்கரம், அதன்மேல் இருபுறமும் உராய்வுப் பட்டை அறைந்த தட்டு, அத்தட்டை வில்வலியால் அமுக்கும் அழுத்துத்தட்டு. இம்மூன்றும் கவ்விச் சுழன்றால்தான் ஆற்றல் பல்லிணைப் பெட்டிக்குப் போகும். ஓட்டுநன் மிதிக்கையில் ஒரு கவைக்கோல் விடுப்புத் தாங்கியை முன்தள்ள, அத்தாங்கி அழுத்துத்தட்டின் விரல்களை அமுக்கிப் பிடியைத் தளர்த்துகிறது.

இவற்றுள் தேய்வது தட்டு மட்டுந்தானா? பட்டை ஆணி வரை தேய்ந்த வண்டியில் அவ்வாணிகள் பெருஞ்சக்கரத்தின் முகத்தை உழுதிருக்கும். ஓயாத சூட்டில் வில்கள் தளர்ந்திருக்கும். விரல்கள் ஒரே உயரத்தில் நில்லாவிடின் வண்டி கிளம்புகையில் அதிரும். பொறியின் பின்பக்க எண்ணெய்த் தடுப்பு வளையம் கசிந்திருந்தால் புதுத்தட்டும் சில நாள்களில் எண்ணெயில் ஊறி வழுக்கும். உழுத முகத்தின்மேல் புதுத்தட்டை வைப்பது, சாணைக்கல்லில் பட்டுத்துணியைத் தேய்ப்பது போன்றது! பெட்டியை இறக்கி ஏற்றுவதில்தான் ஆள்கூலியும் வண்டி நிற்கும் நாளின் இழப்பும் அடங்கியுள்ளன. விடுப்புத் தாங்கியின் விலையோ அச்செலவில் ஒரு சிறு கூறு. திறந்தபோதே தாங்கியை மாற்று, சக்கர முகத்தைக் கடைந்து சீராக்கு, கசிவை அடை. நல்ல பட்டறையார் எவரும் இதைத்தான் சொல்வர். கேட்பார் யார்?

ஏற்றுவதிலும் ஒழுங்கு வேண்டும். பெட்டியின் முழு எடையும் தட்டின் நடுக்குடத்தில் தொங்குமாறு விட்டால் புதுத்தட்டே வளைந்துபோகும். அழுத்துத்தட்டின் திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். மிதியில் கையேடு கூறும் வெற்றசைவு இல்லையேல் தாங்கி ஓய்வின்றி உரசிச் சாகும்.

2023 தைத் திங்களில் என் மாணவன் கொல்லிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கினான். அம்மலைச் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள். அவனுடைய பழைய வண்டியில் பல்லிணை மாற்ற இருமுறை மிதிக்க வேண்டும். முதல் மிதியில் பல்லிணை விலகியது; இரண்டாம் மிதிக்குள் விடுப்புத் தாங்கி நொறுங்கியது. கீழ்ப் பல்லிணை ஏறவில்லை. பொறியின் பிடிப்பின்றி முழுச்சுமையோடு வண்டி சரிவில் உருள, எஞ்சியது நிறுத்துமிதி ஒன்றே. மலைப்பக்கத்து வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி உயிர் தப்பினான். "ஐயா, அந்தப் பக்கம் திருப்பியிருந்தால் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள்" என்றான்.

உடைமையாளர் தந்த பரிசு என்ன தெரியுமா? "மிதிமேல் காலை வைத்தே ஓட்டினாய்" என்று கூலியில் பிடித்தம்! அப்படி ஓட்டுவோரும் உளர். அவர்களை நானும் கண்டிப்பேன். ஆயின் இரண்டு திங்களுக்குமுன் பெட்டியை இறக்கித் தட்டை மட்டும் மாற்றியவர் யார்? "தாங்கி இரைகிறது" என்று பட்டறையார் சொல்லியும், துடைத்து மாட்டச் சொன்னவர் யார்? அப்பிழைக்கு ஓட்டுநன் ஏன் கூலி கொடுக்க வேண்டும்?

அரைவேலையின் விளைவு, அதே கூட்டை இருமுறை திறப்பது. திறக்குந்தோறும் கரும்பொடி கொட்டும். பழைய உராய்வுப் பட்டைகள் கல்நார் கொண்டு செய்யப்பட்டவை. கல்லும் நாருமாய் அப்பெயரே எச்சரிக்கிறது. மூச்சில் புகுந்த அந்நார் கரைவதில்லை. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை கல்நாரின் எல்லா வகைகளையும் மாந்தர்க்குப் புற்று விளைப்பன என வகைப்படுத்தியுள்ளது. நோய் 20, 30 ஆண்டுகள் கழித்தும் வெளிப்படும். கல்நார் இல்லாப் பட்டைகள் வந்துவிட்டன, மெய்தான். ஆனால் பத்துக் கை மாறிய வண்டியில் எத்தட்டு எப்போது ஏறியதென்று எவர் அறிவார்?

அச்சிறுவன் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? காற்றழுத்தக் குழாயைக் கூட்டுக்குள் நீட்டி ஊதிக்கொண்டிருந்தான்! பொடி அவன் முகத்தில் அப்பியிருந்தது. ஊதக் கூடாது, நீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் வழித்து, பையில் கட்டி அகற்ற வேண்டும். அதற்கு ஒரு குடம் நீர் போதும். அதைவிட முன்னே கேட்க வேண்டியது, 13 அகவைப் பிள்ளைக்கு அங்கென்ன வேலை என்பது. 14 நிரம்பாதவரைப் பட்டறை வேலைக்கு அமர்த்துவது குற்றம் என்பதில் 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப்பின் ஐயமே இல்லை.

அவன் தந்தையாரைக் கண்டு பேசிவிட்டேன். பையன் மீண்டும் பள்ளிக்கு வருகிறான். இடையில் விட்ட பாடங்களை மாலையில் நானே சொல்லித் தருகிறேன். ஓட்டுநனிடம் பிடித்த தொகைதான் இன்னும் திரும்பவில்லை.