நிற்க!

அண்மையில் அக்காள் மகனிடமிருந்து நமக்கொரு செய்தி வந்தது. கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் பிள்ளை. அவன் தங்கையின் திருமணத்திற்கு நாள் குறித்தாயிற்றா என்று கேட்டிருந்தோம். "மாமா, இன்டர்னலா டிஸ்கஸ் பண்ணி, டேட்டை ஃபைனலைஸ் செய்துவிட்டு ரிவர்ட் செய்கிறேன்" என்று பதில் எழுதியிருந்தான். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இத்தனை ஆரவாரம்! 'ரிவர்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு முன்னிருந்த நிலைக்குத் திரும்புதல் என்பதே பழைய பொருள். 'பதில் எழுதுதல்' என்பது நம் நாட்டு அலுவலகங்கள் அதற்கு அளித்த புதுவாழ்வு. பேசி முடித்த சம்பந்தம் முன்னிருந்த நிலைக்குத் திரும்பிவிடுமோ என்று ஒருகணம் அஞ்சியே போனோம்.

இதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் எல்லா இடத்திலும் சிரிக்க முடிவதில்லை.

நமது ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வேலை பார்க்கும் ஒருவர், மகளின் மேற்படிப்புக்காகக் கடன் கேட்டு விண்ணப்பித்திருந்தார். சில நாட்களில் அச்சிட்ட கடிதம் வந்தது. "தங்களது மேலான விண்ணப்பம் பெறப்பட்டு உரிய செயல்முறைக்கு உட்படுத்தப்பட்டுள்ளது. ஆவணங்களின் இணக்க நிறைவுக்கு உட்பட்டு மேல்நடவடிக்கை முன்னெடுக்கப்படும். தங்களது தொடர் ஒத்துழைப்பை எதிர்நோக்குகிறோம்." 'மேலான' என்றிருக்கிறது, 'முன்னெடுக்கப்படும்' என்றிருக்கிறது, கடன் கிடைத்துவிட்டது என்றே அவர் நம்பினார். வருமானச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை, கொண்டுவந்து கொடுங்கள் என்பதே அதன் பொருள் என்று பின்னர்தான் தெரிந்தது. எந்த ஆவணம், எந்த நாளுக்குள், யாரிடம் என்ற மூன்றில் ஒன்றுகூட அக்கடிதத்தில் இல்லை. அந்தப் பெண் கடிதத்தை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தபோது கட்டணம் கட்டும் நாள் கடந்திருந்தது. தந்தை வெளியில் வட்டிக்கு வாங்கிக் கட்டினார்.

பிறரை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. நாமும் இந்தப் பாவத்தைச் செய்தவர்களே. துறையின் சார்பில் ஒரு மாணவனின் தந்தைக்கு, "தங்கள் மகனின் வருகைக் குறைபாடு தொடர்பாக உரிய மேல்நடவடிக்கை மேற்கொள்ளப்படும் என்பது இதன்வழித் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது" என்று எழுதிக் கையொப்பமிட்டோம். மறுநாள் காலையில், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அவர் கல்லூரி வாயிலில் வந்து நின்றார். "சாமி, பையன் என்ன குத்தம் பண்ணினான்?" என்று கேட்டார். பையன் பன்னிரண்டு நாட்களாக வரவில்லை, உடல்நலமில்லையா என்று அறியத்தான் எழுதினோம். அதை அப்படியே எழுதியிருந்தால் அவர் பதறியிருக்க மாட்டார். தமிழ் இலக்கியத்தில் முதுகலை பயின்ற கை எழுதிய கடிதம் அது!

இந்த நடையை 'வணிக மொழி' என்கிறார்கள். உண்மையான வணிகத்தைக் காண வேண்டுமானால் ஆயக்குடிக் கொய்யாச் சந்தைக்கு வாருங்கள். அங்கே தரும் சீட்டில் பெயர், எத்தனை பெட்டி, என்ன விலை, கமிஷன் எவ்வளவு, கைக்கு எவ்வளவு என்பன இருக்கும், அவ்வளவுதான். 'கமிஷன்' தமிழ்ச் சொல் அன்று. ஆயினும் அச்சொல்லால் ஏமாந்தவர் எவருமிலர். ஆகவே பிறமொழிச் சொற்கள் மீது நமக்குச் சினம் இல்லை. மேலே காட்டிய இரு கடிதங்களிலும் மருந்துக்குக்கூட ஓர் ஆங்கிலச் சொல் இல்லையே! செய்பவரை மறைத்துவிட்டுச் செயலை மட்டும் மிதக்க விடும் அந்த 'படும்' மீதுதான் நம் சினமெல்லாம். நடவடிக்கை எடுக்கப்படும். சரி, எடுப்பவர் யார்?

பழைய கடிதங்களிலும் வாய்பாடுகள் இருந்தனவே என்று அன்பர்கள் கேட்கலாம். இருந்தன. 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, நலம் விசாரித்து முடிந்ததும் 'நிற்க' என்றொரு சொல் வரும். உபசாரம் முடிந்தது, இனிச் செய்தி என்று படிப்பவரைத் தட்டியெழுப்பும் சொல் அது. இன்றைய கடிதங்களிலோ உபசாரம் முடிவதேயில்லை. 'நிற்க' வருவதற்கு முன்பே கையொப்பம் வந்துவிடுகிறது!

இன்னும் பின்னே சென்றால், பதினோராம் திருமுறையின் முதலில் நிற்கும் திருமுகப் பாசுரமும் ஒரு கடிதமே. பாணபத்திரருக்குப் பொருளளித்து அனுப்புமாறு ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு எழுதியதாக மரபு. எழுதுபவர் யார், பெறுபவர் யார், கொண்டுவருபவர் யார், அவருக்குச் செய்ய வேண்டுவது என்ன என்று ஒரே பாடலில் அனைத்தும் அடங்கிவிடுகின்றன. புகழ்ச்சி இருக்கிறது, ஆனால் அது கோரிக்கையை விழுங்கிவிடவில்லை. இறைவனே தன் முகவரியைச் சொல்லி எழுதும்போது நம் அலுவலகங்களுக்கு என்ன தயக்கம்?

இது தமிழகத்து நோய் மட்டுமன்று. பிரிட்டனில் அரசு ஊழியர்களின் நடையைத் திருத்தவென்று, கருவூலத் துறையின் வேண்டுகோளுக்கிணங்க எர்னஸ்ட் கவர்ஸ் எழுதிய 'பிளெய்ன் வேர்ட்ஸ்' 1948இல் வெளிவந்தது. அமெரிக்காவில் எளிய நடைக்கென 2010இல் ஒரு சட்டமே இயற்றினார்கள். நம் நாட்டிலும் வழிகாட்டி இல்லாமலில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், கேட்ட தகவலுக்கு 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது. மறுப்பதானால் காரணம் என்ன, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள், அதை யாரிடம் செய்வது என்பனவற்றைத் தெரிவிக்கவும் பணிக்கிறது. ஏன், எப்போது, யார் என்ற இம்மூன்றையும் எல்லாக் கடிதங்களுக்கும் நாமே விதித்துக்கொண்டால் என்ன?

தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956இல் வந்துவிட்டது. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாள் தேர்ச்சியைக் கட்டாயமாக்கும் ஆணையும் 2021இல் வந்தது. அத்தேர்வுகளுக்காக வெளியூர் இளைஞர்களும் வந்து இலவசமாகப் பயின்ற ஊர் நமது ஆயக்குடி. நாளை கோப்புகளில் எழுதப்போகும் கைகள் அவை. அவர்களிடமும் நம் மாணவர்களிடமும் நாம் வேண்டுவது ஒன்றே: எழுதி முடித்ததும் அக்கடிதத்தைத் தோப்பில் வேலை செய்யும் ஒருவராக இருந்து ஒருமுறை படியுங்கள். தான் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லையெனில் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். தமிழில் எழுதினோம் என்று பெருமை கொள்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

நிற்க. அக்காள் மகனுக்கு, "அம்மாவிடம் கேட்டு ஞாயிறு மாலைக்குள் சொல்லப்பா" என்று பதில் எழுதினோம். ஐந்தே நிமிடத்தில் வந்தது மறுமொழி: "தை கடைசி முகூர்த்தம் சரின்னு அம்மா சொல்றாங்க மாமா. நீங்க முந்தின நாளே வந்துடணும்."

எவ்வளவு அழகான கடிதம்!